கை பழகாத பெண்ணுறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஆடி மாதம் என்றால் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் வார்த்து முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோவில் மண்டபத்தின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எங்களோடு பேச வந்திருந்தார். இந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. சின்னப் பொட்டலம் ஒன்றைக் கிழித்து, உள்ளே இருந்ததை எடுத்து நீட்டினார். எண்ணெய் தடவியது போல மினுங்கும் மெல்லிய பை. ஒரு சாண் நீளம் இருக்கும். வாய்ப்பக்கம் ஒரு வளையம், மூடிய முனைக்குள் இன்னொரு வளையம். எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர்தான் முதலில் கை நீட்டி வாங்கினார். வளையத்தை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “பேத்திக்குப் போடுகிற வளையல் அளவு இருக்கிறதே, இது எதற்கு சிஸ்டர்?” என்று கேட்டார்.

“பெண் தானே போட்டுக்கொள்கிற உறை, ஆயா. கருவும் தங்காது, நோயும் தொற்றாது.”

“எத்தனை வருஷமாகக் கொடுக்கிறார்கள்?”

“1998-இலிருந்து. இலவசமாகத்தான்.”

“மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க க்ளினிக்குக்குப் போகிறேன். ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லையே” என்றார் ஆயா.

பேச்சு நடந்தது ஆங்கிலத்தில். தமிழில் எழுதியது நான். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் தமிழ் இப்போது தேவாரத்திலும் உறவு முறைகளிலும் சமையல் சாமான்களின் பெயர்களிலும்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த ஆயாவின் கேள்வி எந்த மொழியில் கேட்டாலும் சுடுகிற கேள்வி. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அரசு இலவசமாகக் கொடுத்துவரும் ஒரு பொருள், இத்தனை பெண்கள் வாழும் ஒரு பேட்டையில் எப்படிக் கண்ணில் படாமலேயே போனது?

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. காண்டத்துக்குத் தமிழில் ஆணுறை என்று பெயர் வைத்தபோதே அந்தப் பொறுப்பை ஆணிடம் எழுதிக்கொடுத்துவிட்டோம். பிறகு பெண் அணிகிற உறை வந்ததும் ‘பெண்களுக்கான ஆணுறை’ என்று எழுதத் தொடங்கினார்கள். படிக்கிறவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. பெண்ணுறை என்பதே நேரான சொல். டர்பனில் மூத்த பெண்களில் சிலர் ‘ஃபெமிடம்’ என்ற பழைய வணிகப் பெயரைச் சொல்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் இதற்கு ‘உள்ளுறை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. எந்தப் பெயரானாலும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். க்ளினிக் ஜன்னலுக்கு முன்னால், பின்னால் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரியும் வரிசையில் நிற்கும்போது கேட்கக்கூடிய பெயராக.

இதன் பிறப்பிடம் டென்மார்க். லாசெ ஹெசெல் என்ற மருத்துவர் 1980களில் வடிவமைத்தார். முதலில் வந்தது பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய்த் தடுப்பில் குறையில்லாத பொருள்தான், ஆனால் அசையும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். பிற நாடுகளில் இதை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். சாட்ஸ்வொர்த் வீடுகளை நினைத்துப் பாருங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் கேட்டோ மேனரிலிருந்தும் நகரின் மற்ற இடங்களிலிருந்தும் இந்தியர்களைப் பெயர்த்து, 1960களில் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். ஒட்டுச் சுவர் வீடுகள், ஓரிரண்டு அறைகள். ஒரு பக்கம் மாமியார், இன்னொரு பக்கம் வளர்ந்த பிள்ளைகள். அந்த வீட்டில் சரசரக்கிற ஒரு பொருளை எந்தப் பெண் பயன்படுத்துவாள்? நைட்ரைல் என்ற மென்மையான செயற்கை ரப்பரில் எஃப்சி2 என்ற இரண்டாம் தலைமுறை உறை வந்தபோதுதான் அந்தச் சத்தம் அடங்கியது. 2009-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. முதல் உறையின் மேல் விழுந்த கெட்ட பெயர் மட்டும் இன்னும் இதன் தலையில் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் இதைக் கேட்டு வாங்கியவர்கள் பெண்களே. ஜிம்பாப்வேயில் 1990களின் நடுவில் 30,000 பெண்கள் கையெழுத்திட்டு, இந்த உறை எங்களுக்கு வேண்டும் என்று அரசிடம் மனுக் கொடுத்தார்கள். அதே நாட்டில் பிறகு சில பெண்கள் அதன் வளையத்தைப் பிரித்து வளையலாக அணிந்ததும் செய்தியானது. அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருள் கைக்கு வந்து, பழக்கிக் கொடுக்க ஆள் வராவிட்டால் வேறென்ன நடக்கும்?

தென்னாப்பிரிக்கா 1998-இல் தொடங்கிய திட்டம் உலகின் மிகப் பெரிய அரசுப் பெண்ணுறைத் திட்டங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் விநியோகித்தார்கள். அதே காலத்தில் ஆணுறைகள் ஆண்டுக்கு 50 கோடியைத் தாண்டின. விலை ஒரு காரணம்: ஒரு பெண்ணுறைக்கு ஆகும் செலவு ஆணுறையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் மலிவான மாற்று உறைகளைத் தேடினார்கள். அந்தத் தேடலில் டர்பனுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலேசியாவில் தயாராகும் எஃப்சி2-ஐ, சீனத்து உறை ஒன்றோடும், நாசிக் பக்கம் தயாராகும் கியூப்பிட் உறையோடும், சென்னையில் தயாரான இன்னோர் உறையோடும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. ஆய்வு நடந்த இடங்கள் டர்பனும் சீனாவும். முடிவு 2013-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது. நான்குமே பயன்பாட்டில் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல என்று தெரிந்தது. கிழிதல், நழுவுதல் போன்ற தவறுகள் நூற்றுக்கு ஐந்துக்குள்தான். இன்று டர்பன் க்ளினிக்கில் ஒரு பெண்ணின் கைக்கு நாசிக்கில் செய்த உறை வந்து சேரக்கூடும்.

இனி அது வேலை செய்யும் விதம். கையைக் கழுவிக்கொண்டு, காலாவதித் தேதியைப் பார்த்து, பொட்டலத்தை வெட்டுக்குறி இருக்கும் இடத்தில் விரலால் கிழிக்க வேண்டும். பல்லும் கத்தரிக்கோலும் வேண்டாம். மூடிய முனையில் இருக்கும் உள்வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் அது எட்டு என்ற எண்ணைப் போல இடுப்பொடுங்கும். குந்தியோ, ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்தோ, படுத்தோ, அவரவருக்கு வசதிப்படும் நிலையில் அதை யோனிக்குள் செலுத்தி, பிறகு உறைக்குள் விரலை விட்டு முடிந்த மட்டும் மேலே தள்ள வேண்டும். உள்வளையம் கருப்பை வாயை ஒட்டிப் போய் நிற்கும். சரியாக நின்றுவிட்டால் அது இருப்பதே தெரியாது. உறுத்தினால் இன்னும் மேலே போக வேண்டும் என்று பொருள். வெளிவளையம் வெளியே, பிறப்புறுப்பின் மேல் படிந்திருக்கும். உறவின் தொடக்கத்தில் ஆண்குறியைக் கையால் வளையத்துக்குள் வழிகாட்டி விடுவது அவசியம். உறைக்கும் யோனிச் சுவருக்கும் நடுவே போய்விட்டால் உறை போட்டும் பயனில்லை, உடனே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். வெளிவளையம் உள்ளே இழுபட்டாலும் அப்படியே. முடிந்ததும் எழுந்து நிற்பதற்கு முன்பே வெளிவளையத்தை ஒரு சுற்று முறுக்கி மெதுவாக இழுத்தெடுத்து, காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம். கழிவறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கியூப்பிட் உறையில் உள்வளையத்துக்குப் பதிலாக ஒரு பஞ்சு இருக்கும், வெளிச்சட்டம் எண்கோண வடிவில் இருக்கும். மற்றபடி முறை ஒன்றுதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். எஃப்சி2-க்கு எண்ணெய் கலந்த மசகும் தீங்கு செய்யாது. கியூப்பிட் இயற்கை ரப்பரில் செய்தது, தேங்காய் எண்ணெயோ வாசலினோ பட்டால் வலுவிழந்துவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆகாது. ஆகவே கொடுப்பது எந்த உறை என்று கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று: பெண்ணுறையும் ஆணுறையும் ஒரே நேரத்தில் கூடவே கூடாது. இரட்டைக் காவல் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஒன்றோடொன்று உராய்ந்து கிழியவும் நழுவவும்தான் வழி செய்யும்.

இப்போது எண்களுக்கு வருவோம், ஏனென்றால் என் வாதம் அங்கேதான் நிற்கிறது. எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓராண்டு உறவு வைத்துக்கொள்ளும் 100 பெண்களில் சுமார் 85 பேர் கருவுறுவார்கள். பெண்ணுறையை ஒவ்வொரு முறையும் பிசகாமல் பயன்படுத்தினால் அது 5 ஆகக் குறையும். ஆனால் வீடுகளில் உள்ளபடி நடக்கும் பயன்பாட்டில் 21. ஆணுறைக்கு இந்த இரண்டு எண்களும் முறையே 2, 13. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பெண்ணுறை ஒன்றுக்கும் உதவாது என்று சொல்கிறவர்கள் ஐந்துக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே இருப்பது என்ன என்று யோசிப்பதில்லை. ஒரு பகுதி, சில நாட்களில் உறையையே போடாமல் விட்டது. மற்றொரு பெரும் பகுதி கை பழகாமை. முதல் முறை வழுக்கும், மேசைக்கு அடியில் போய் விழும், கோணலாக நிற்கும். மூன்றாவது நான்காவது முறையில் கைக்கு வழி தெரிந்துவிடும். ஆணுறையை விளக்க ஒரு வாழைப்பழம் போதும் என்று உலகத்துக்கே தெரியும். பெண்ணுறையை விளக்கத் தன் உடலின் உள்ளமைப்பு தெரிய வேண்டும், அதைத் தொட்டுப் பார்க்கத் துணிவு வேண்டும். அந்த இரண்டையும் நம் வீடுகளில் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு க்ளினிக்கில் நான் பெண்ணுறை கேட்டேன். உள்ளிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழுப்புக் காகிதப் பையில் இரண்டை வைத்துத் தள்ளினார். எப்படிப் போடுவது என்று கேட்டேன். “உள்ளே தாள் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்” என்றார். முதலாவது வழுக்கி வீணானது, இரண்டாவது வலித்தது. பிறகு ஓராண்டு அந்தப் பக்கமே நான் போகவில்லை. இரண்டு உறை பழகுவதற்கே போதாது; முதல் முறை கேட்டு வருகிற பெண்ணுக்குக் குறைந்தது ஐந்து உறையாவது கொடுத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து காட்ட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிற திட்டம் உறைக்குச் செலவழித்த பணத்தையும் சேர்த்து வீணாக்குகிறது என்பேன்.

இந்த நாட்டுப் பெண்கள் கருத்தடைக்கு அதிகம் நம்புவது ஊசியை. இரண்டு மாத ஊசி, மூன்று மாத ஊசி என்று இரண்டு வகை. க்ளினிக்குக்குப் போனோம், போட்டோம், வந்தோம் என்று முடிந்துவிடும். கணவனிடம் பேச்சே வேண்டியதில்லை. கருத்தடையில் அது பெண்ணுறையைவிட நம்பகமானதும்கூட. ஆனால் எச்ஐவியை அது தடுக்காது. 2019-இல் வெளியான ‘எக்கோ’ ஆய்வு இதை வேதனையோடு காட்டியது. தென்னாப்பிரிக்கா, எஸ்வாட்டினி, கென்யா, ஜாம்பியா ஆகிய நாடுகளில் 7,829 பெண்கள் பங்குபெற்றார்கள். ஊசி, கையில் பொருத்தும் குச்சி, காப்பர் கருத்தடைச் சாதனம் ஆகிய மூன்றில் ஒன்று ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. ஊசியால் எச்ஐவி ஆபத்து கூடுகிறதா என்பது கேள்வி. மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று பதில் வந்தது. ஆனால் ஆய்வுக் காலத்தில் 397 பெண்களுக்கு எச்ஐவி தொற்றிவிட்டது. ஆண்டுக்கு நூற்றுக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர். கருத்தடை தேடி வந்த பெண்கள் அவர்கள். கரு தங்காமல் காத்தது, கிருமி வராமல் காக்கவில்லை. ஊசியோடு பெண்ணுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தாதியர் சொல்வதற்குக் காரணம் இதுதான். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வதில்லை. பெண்ணுறையில் ஹார்மோன் கிடையாது. பாலூட்டும் தாயும் ரத்தக் கொதிப்புள்ளவரும் தயங்க வேண்டியதில்லை.

“எச்ஐவி நம் ஆட்களுக்கு வராது” என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறவெறி அரசு போட்ட வேலிகள் போய் முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. மனத்துக்குள் போட்ட வேலி போகவில்லை. 2022-இல் எடுத்த தேசிய ஆய்வின்படி இந்த நாட்டில் சுமார் 78 லட்சம் பேர் எச்ஐவியோடு வாழ்கிறார்கள். குவாசூலு-நட்டால் நோய் மிகுதியாகப் பரவிய மாகாணங்களில் ஒன்று. கிருமிக்கு கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்ற குடும்பப் பெயர்கள் தெரியாது. தாலி கட்டிய உறவு என்பதாலும் அது விலகிப் போகாது. அந்த வீட்டுக்குள் கணவன் எதைக் கொண்டுவருகிறான் என்பது மனைவிக்குத் தெரியாமலே இருக்கலாம். சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஹெர்பிஸ், பாப்பிலோமா வைரஸ் போலத் தோலோடு தோல் உரசிப் பரவுகிறவற்றில் முழுக் காப்பு கிடையாது, ஓரளவுதான். வெளிவளையம் சுற்றுப்புறத்தையும் கொஞ்சம் மூடுவதால் அந்த அளவுக்குப் பயன் உண்டு.

நாற்பது ஐம்பது வயதுக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசிவிடுகிறேன். டர்பன் இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது. சர்க்கரை முற்றினால் ஆணுக்கு விறைப்பு குறையும். முழு விறைப்பு இல்லாவிட்டால் ஆணுறை நிற்காது. பெண்ணுறை ஆணின் விறைப்பை நம்பியிருக்கவில்லை. உறவுக்குச் சற்று முன்பே போட்டு வைத்துக்கொள்ளலாம், முடிந்ததும் அவசரமாக விலகவும் வேண்டாம், இறுக்கமும் இல்லை. மாதவிலக்கு நின்று வறட்சியால் வலிக்கிற பெண்ணுக்கு அதில் ஏற்கெனவே தடவியிருக்கும் மசகு ஓர் ஆறுதல். மணமுறிவுக்குப் பின்னோ கணவன் இறந்த பின்னோ ஐம்பதில் புதிய துணையைத் தேடிக்கொண்ட பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இனிக் கருத்தரிக்காது என்பதால் அவர்கள் எந்த உறையையும் நினைப்பதே இல்லை. நோய்க்கு வயது வரம்பு கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ‘பெண்ணின் கையில் அதிகாரம்’ என்று இதற்கு விளம்பரம் செய்கிறார்கள். பாதி உண்மை. வெளிவளையம் கண்ணுக்குத் தெரியும், கைக்குப் படும். ஆணுக்குத் தெரியாமல் இதைப் பயன்படுத்த முடியாது. அவன் கூடாது என்று பிடுங்கி எறிகிறவனாக இருந்தால் உறை காப்பாற்றாது. மனைவியானாலும் விருப்பமில்லாமல் உறவு கொள்வது குற்றம் என்று 1993-லேயே இந்த நாட்டுச் சட்டம் சொல்லிவிட்டது. படுக்கையறை வாசல்வரை சட்டம் வர நேரமாகும். அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு மற்ற வழிகள் உண்டு. எச்ஐவி வராமல் முன்கூட்டியே எடுக்கிற மாத்திரை 2016-இலிருந்து படிப்படியாக அரசு மருத்துவத்தில் வந்தது. மாதம் முழுக்க யோனிக்குள் இருந்து மருந்து கசியும் டாபிவிரின் வளையத்துக்கு 2022-இல் இங்கே அனுமதி கிடைத்தது. இவை கிருமியைத் தடுக்கும், ஆனால் கருவைத் தடுக்காது, சிபிலிசையும் தடுக்காது. கருவையும் நோயையும் ஒருசேரத் தடுப்பது இன்றைக்கும் உறை ஒன்றுதான், ஆணுடையதோ பெண்ணுடையதோ. ஆண் போட மறுக்கும்போது, “அப்படியானால் நான் போட்டுக்கொள்கிறேன்” என்று சொல்ல ஒரு வாக்கியத்தையாவது பெண்ணுறை கொடுக்கிறது. பெரும்பாலான வீடுகள் வன்முறை வீடுகள் அல்ல, பேச்சு வராத வீடுகள். அங்கே அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

உறை கிழிந்துவிட்டால், நழுவிவிட்டால் விடியும்வரை அழுதுகொண்டிருக்க வேண்டாம். அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எச்ஐவி அச்சம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கியாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய உறையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது எந்த நிலையிலும் வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் கொண்டுவந்த பெட்டியில் முப்பது உறைகள் இருந்தன. எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும் அறையே தரையைப் பார்த்தது. ஆயாதான் எழுந்து போய் ஐந்தை எண்ணி எடுத்தார். “மகளுக்கு நாற்பத்தெட்டு வயது. போன வருஷம்தான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள்” என்றார், யாரும் கேட்காமலே. பிறகு சிஸ்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் காட்டினால்தானே அவளுக்குத் தெரியும்? இன்னொரு தடவை செய்யுங்கள்.”

சிஸ்டர் தன் இடது கையைத் தளர்வாக முஷ்டி பிடித்து நீட்டினார். ஆயா வளையத்தை எட்டாக அழுத்தி அந்த முஷ்டிக்குள் செலுத்தப் பார்த்தார். வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி செலுத்தினார், பாதியில் கோணிக்கொண்டது. அதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் நாற்காலியை அருகே இழுத்திருந்தார்கள். மூன்றாவது முறை வளையம் முஷ்டிக்குள் போய் விரிந்து நின்றது. ஆயா தன் விரலை உள்ளே விட்டு, மேலே போயிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார்.